ஒரு புள்ளிக்கு இடம் கேட்டு: மென்பொருள் எழுதும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். தென்கொரியாவுக்குத் தெற்கே, கடல் நடுவில் இருக்கிற ஜெஜு தீவில் ஒரு சின்ன உணவுக் கடையில் 'மொம் குக்' என்ற சூப்பைக் குடித்தேன். பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் மொம் என்ற கடற்பாசியைப் போட்டுச் செய்கிறார்கள். முன்பெல்லாம் கல்யாணத்துக்கும் இழவுக்கும் ஊர் கூடும்போது பெரிய பாத்திரத்தில் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றுவார்களாம். கடை வாசலில் ஒரு மரப்பலகை தொங்கியது. அதில் சூப்பின் பெயரைத் தூரிகையால் எழுதியிருந்தார்கள். 'ம்' ஒலிக்குக் கொரிய எழுத்து ஒரு சதுரம். மேலே ஒரு சதுரம், நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி, கீழே இன்னொரு சதுரம். எழுதியவரின் கை அந்தப் புள்ளியில் சற்று அழுத்தி நின்றிருக்க வேண்டும். மை ஓரத்தில் கசிந்திருந்தது.

சாப்பிட்டு முடித்துப் பணம் கொடுத்தபோது ரசீது வந்தது. அதில் புள்ளி இல்லை. புள்ளியின் இடத்தில் 'ஒ' ஒலிக்கான கோடு இருந்தது. அப்படி எழுதினால் இன்றைய கொரிய மொழியில் அந்தச் சொல்லுக்கு உடம்பு என்று பொருள். பலகையில் கடற்பாசி சூப்பாக இருந்தது ரசீதில் உடம்பு சூப்பாகிவிட்டது. உடன் வந்த நண்பர் மூலம் கேட்டேன். "மெஷினில் அந்த எழுத்து வராது" என்றார் கடைக்கார அம்மா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை. மழை வந்தால் நனையும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது. அந்த எழுத்துக்குக் கணினியில் இடம் கொடுத்து 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. வராது என்பது பொய். வரவிடாமல் வைத்திருப்பவர்கள் நாம்.

'நாம்' என்று நான் சொல்வது நம்மைத்தான். அந்த ரசீது இயந்திரத்துக்கு நிரல் எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் உலகம் முழுக்க ஓடுகிற படிவங்களையும் தேடுபெட்டிகளையும் விசைப்பலகைகளையும் எழுதுகிற கைகளில் தமிழ்க் கைகள் ஏராளம் என்பது தெரியும். சென்னையில், கோவையில், பெங்களூரில், சிங்கப்பூரில் உட்கார்ந்து, நாம் படிக்கவே தெரியாத மொழிகளின் எழுத்துகளை எது செல்லும், எது செல்லாது என்று தினமும் தீர்மானிக்கிறோம். அதனால்தான் ஒரு கொரியப் புள்ளியைப் பற்றி உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

அந்தப் புள்ளி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்த, இன்று ஹங்குல் என்று அழைக்கப்படும் கொரிய எழுத்துமுறையில் 28 எழுத்துகள் இருந்தன. உயிரெழுத்துகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை வடிவங்கள் மூன்று. வட்டமான வானத்துக்கு ஒரு புள்ளி, தட்டையான நிலத்துக்குப் படுத்த கோடு, நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு நின்ற கோடு. மற்ற உயிர்களெல்லாம் இந்த மூன்றின் சேர்க்கைதான். மனிதனுக்கு வலப்புறம் புள்ளி வைத்தால் 'ஆ', இடப்புறம் வைத்தால் இன்னொரு ஒலி, நிலத்துக்கு மேலே வைத்தால் 'ஒ', கீழே வைத்தால் 'உ'. 1446இல் அச்சான நூலில் இவை உண்மையிலேயே உருண்டைப் புள்ளிகளாகத்தான் இருக்கின்றன. பிறகுதான் அவை குட்டிக் கோடுகளாக நீண்டன. புள்ளி தனியாகவும் ஓர் உயிர். நாக்கு உள்ளே சுருங்கும், ஒலி ஆழ்ந்திருக்கும் என்று அந்த நூலின் விளக்கவுரை அதைப் பற்றிச் சொல்கிறது. 'அ'வுக்கும் 'ஒ'வுக்கும் நடுவே, வாயின் பின்புறத்திலிருந்து வருகிற ஒலி அது.

தமிழ்க் கண்ணுக்கு இதில் ஒரு வியப்பு இருக்கிறது. நம் எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் போகிறது. 'க' என்பது 'க்' ஆகிறது. கொரிய எழுத்தில் புள்ளி வைத்தால் உயிர் வருகிறது. ஒரே வடிவத்தை இரண்டு நாட்டார் நேரெதிர் வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

காலப்போக்கில் கொரியத் தலைநிலத்தில், அதாவது தீவுகள் நீங்கலான பெருநிலத்தில், அந்த ஒலி தேய்ந்தது. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் முதலில் போயிற்று. 18ஆம் நூற்றாண்டு வாக்கில் முதலசையிலும் 'ஆ'வோடு கலந்துவிட்டது. ஒலி போன பின்னும் எழுத்து பழக்கத்தால் நீடித்தது. அசைகளை வரிசையாக எழுதும் பழைய பலகைகளில் மேலே வழக்கமான 'ஆ' இருக்கும், அடியில் புள்ளி இருக்கும். அதனால் அதற்கு 'அரெ ஆ', அதாவது 'கீழ் ஆ' என்று பெயர் வந்தது. 1933இல் கொரிய மொழிக் கழகம் வெளியிட்ட எழுத்து விதிகள் அதை முற்றாக விலக்கின. 28 எழுத்துகள் 24 ஆயின.

விலக்கியது தலைநிலத்துக்குப் பொருந்தும். ஜெஜுவில் அந்த ஒலி சாகவில்லை. ஜெஜு மொழியில் குதிரை என்று சொல்ல அந்தப் புள்ளி வேண்டும். நிலா என்று சொல்ல வேண்டும். மகன், மகள், கோழி எல்லாவற்றுக்கும் வேண்டும். கல்லும் காற்றும் பெண்களும் மிகுந்த தீவு என்று கொரியர்கள் ஜெஜுவைச் சொல்வார்கள். அந்தக் 'காற்று' என்ற சொல்லில் இரண்டு அசை, இரண்டிலும் புள்ளி. இதற்கு மேல் இரட்டைப் புள்ளி உயிர் ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது. 2010இல் யுனெஸ்கோ ஜெஜு மொழியை அழிவின் விளிம்பில் நிற்கும் மொழிகளில் சேர்த்தது. சரளமாகப் பேசுவோர் சில ஆயிரம் பேர்தான். பெரும்பாலும் முதியவர்கள்.

விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தால் அந்தத் தீவின் வரவேற்பு வாசகம் கண்ணில் படும். 'ஹொன்ஜொ ஒப்ஸொயே'. சீக்கிரம் வாருங்கள் என்று பொருள். முதல் எழுத்தில் புள்ளி இருக்க வேண்டும். புள்ளி வராத இடங்களில் 'ஒ' போட்டு எழுதிவிடுகிறார்கள். தலைநிலத்துக் கொரிய மொழியில் 'ஹொன்ஜா' என்றால் தனியாக. சீக்கிரம் வாருங்கள் என்று அழைத்தால், தனியாக வாருங்கள் என்று விருந்தாளி படித்துக்கொள்கிறார். ஒரு புள்ளி விழுந்ததால் வரவேற்பே மாறிப்போகிறது.

இனி கணினிக் கதை. 1987இல் தென்கொரியா ஒரு குறியேற்றத் தரத்தை, அதாவது கணினியில் எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் பட்டியலை, கொண்டுவந்தது. அதில் முழு அசைகள் 2,350 மட்டுமே இருந்தன. அடிக்கடி வருபவை இவை, இவை போதும் என்று முடிவு செய்தார்கள். போதவில்லை. சில ஆண்டுகளில் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதன் தலைப்பிலேயே இருந்த 'த்தோம்' என்ற அசை அந்த 2,350இல் இல்லை. நாடே பார்க்கும் தொடரின் பெயரைக் கணினியில் அடிக்க முடியவில்லை. பெயரில் அரிய அசை வைத்திருந்த மனிதர்களுக்கு வங்கியிலும் அலுவலகத்திலும் என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு விண்டோஸ் 95 வந்தபோது மீதி 8,822 அசைகளையும் சேர்த்தார்கள். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரம் யூனிகோடு. 1996இல் வெளியான யூனிகோடு 2.0, முதலெழுத்து 19, உயிர் 21, கடைமெய் இல்லாததையும் சேர்த்து ஈறு 28 என்று பெருக்கி, 11,172 அசைகளுக்கும் 44032 முதல் 55203 வரை வரிசையாக எண் கொடுத்தது. கணக்குப் போட்டால் எந்த அசை எங்கே இருக்கிறதென்று சொல்லிவிடலாம். அவ்வளவு ஒழுங்கு.

அந்த 21 உயிர்களில் நம் புள்ளி இல்லை. ஆகவே புள்ளி வரும் ஓர் அசைகூட அந்த 11,172இல் இல்லை.

அதற்காக யூனிகோடு அதைக் கைவிட்டது என்று சொல்ல முடியாது. முதலெழுத்து, உயிர், ஈறு என்ற அசையின் தனித்தனி உறுப்புகளுக்கு வேறொரு பகுதியில் இடம் உண்டு. அங்கே புள்ளிக்கு 4510 என்ற எண், இரட்டைப் புள்ளிக்கு 4514. வரவேற்பு வாசகத்தின் முதல் அசையை எழுத 4370, 4510, 4523 என்ற மூன்று எண்களை அடுத்தடுத்து வைத்தால் போதும். எழுத்துரு அவற்றைச் சேர்த்து ஒரே அசையாகக் காட்ட வேண்டும். 2009இல் வந்த யூனிகோடு 5.2, பழைய ஹங்குலுக்குத் தேவைப்பட்ட மேலும் 117 உறுப்புகளைச் சேர்த்தது. இப்போது பழைய உறுப்புகளைக் கூட்டினால் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட அசைகள் பிறக்கும். யூனிகோட்டில் இருக்கும் மொத்த இடங்களே 11,14,112தான். ஒவ்வோர் அசைக்கும் தனி இடம் கொடு என்று கேட்டால் உலகத்து எழுத்துகள் எல்லாவற்றையும் வெளியேற்றினாலும் இடம் போதாது. சேர்த்து எழுதுவது ஒன்றே வழி.

இந்த இடத்தில்தான் இது நம் கதையும் ஆகிறது.

நம்மில் பலருக்கு நினைவிருக்கும். கொரியனுக்கு 11,172 இடம், தமிழுக்கு 128 இடம்தானா என்று நாம் கேட்ட காலம் ஒன்று உண்டு. நானும் கேட்டேன். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டும் என்ற அந்த வேகத்தில்தான் 2010இல் தமிழ்நாடு அரசு, யூனிகோட்டோடு சேர்த்து 'டேஸ் 16' என்ற அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. யூனிகோடு தன் அமைப்பை மாற்றவில்லை. மாற்றாததற்கு ஒரு காரணம் கொரிய எழுத்திலேயே இருக்கிறது. 1996க்கு முன் யூனிகோட்டில் 6,656 கொரிய அசைகள் வேறோர் இடத்தில் இருந்தன. 11,172ஐ மொத்தமாக வைக்க வேண்டும் என்று அந்தப் பழைய எண்களைச் செல்லாதவை ஆக்கி எல்லாவற்றையும் புது இடத்துக்குப் பெயர்த்தார்கள். அந்தக் குழப்பத்தைக் கண்ட பிறகு, ஒருமுறை இட்ட எழுத்தை இனி நகர்த்தவே மாட்டோம் என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். பிறகு நாம் தட்டிய கதவு திறக்காமல் போனதில் அந்த உறுதிக்கும் பங்கு உண்டு.

அன்று நான் பொறாமையோடு பார்த்த கொரிய மாளிகையில், அந்த எழுத்துமுறையின் மூத்த உயிருக்கே அறை இல்லை என்பது எனக்குத் தெரியாது. மாளிகைக்கு வெளியே அது எப்படி வாழ்கிறது என்று பின்னால் பார்த்தபோது திகைத்தேன். நம் 'கி' வாழ்வதைப் போலவே வாழ்கிறது. 'கி' என்பது 2965, 3007 என்ற இரண்டு எண்களின் சேர்க்கை. புள்ளி அசை மூன்று எண்களின் சேர்க்கை. இரண்டுக்கும் தனி இடம் இல்லை. இரண்டையும் எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்துதான் காப்பாற்ற வேண்டும்.

வேறுபாடு ஒன்றுதான். 'கி'யை இப்போது காப்பாற்றுகிறார்கள். ஒரு காலத்தில் கைபேசியில் தமிழ் வெறும் கட்டங்களாக வந்தது. 'கொ' எழுதினால் கொம்பு இடம் மாறி நின்றது. யாரோ உட்கார்ந்து, எழுத்துருவில் விதி எழுதி, திரையில் சரிபார்த்து, கர்சர் 'க'வுக்கும் 'ி'க்கும் நடுவில் போய் நிற்காதபடி செய்தார்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரியாதவர்கள் நமக்காகச் செய்த வேலையை, கொரிய மொழி தெரியாத நாம் அந்தப் புள்ளிக்காகச் செய்ய முடியாதா? இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கேட்கும் உரிமை எனக்கு எளிதாக வந்துவிடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கொரியப் பயனர்களுக்கான பதிவுப் படிவம் ஒன்றில் வேலை செய்தேன். பெயர்ப் பெட்டியில் ஹங்குல் எழுத்து மட்டும் வரலாம் என்று விதி. நான் எழுதிய சோதனை ஒரே வரி: எண் 44032க்கும் 55203க்கும் இடையில் இருந்தால் விடு, இல்லையென்றால் மறு. உலகம் முழுக்க இப்படித்தான் எழுதுகிறார்கள். நானும் எங்கிருந்தோ நகலெடுத்தேன். ஒருநாள் ஜெஜுவிலிருந்து ஒரு புகார் வந்தது. தன் புனைபெயரில் அந்தப் புள்ளி இருக்கிறது, பெட்டி ஏற்க மறுக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சிவப்பு எழுத்தில் படிவம் காட்டிய செய்தியின் படத்தையும் இணைத்திருந்தார். 'ஹங்குலில் மட்டும் எழுதவும்.' ஆதரிக்கப்படாத எழுத்து என்று பதில் போட்டுப் புகாரை மூடினேன். மறுநாள் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "நான் ஹங்குலில்தான் எழுதினேன்."

அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை. படிவத்தையும் அப்போது திருத்தவில்லை. செஜோங் மன்னர் முதலில் வரைந்த மூன்று வடிவங்களில் ஒன்றைப் பார்த்து, நீ ஹங்குல் இல்லை என்று என் நிரல் சொல்லியிருக்கிறது. இன்று அந்த ஒருவரின் கண்ணில் இந்த மடல் படப்போவதில்லை. ஆனாலும் இங்கே எழுதிவைக்கிறேன்: நீங்கள் சரி, நான் தவறு.

அந்த ஒரு வரிச் சோதனையைத்தான் முதலில் தேடுங்கள் என்று உங்களைக் கேட்கிறேன். உங்கள் நிரலில் எங்காவது 44032, 55203 என்ற எல்லை கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த எல்லை எண்களாக எழுதப்பட்டிருக்காது, அந்த வரிசையின் முதல் அசையும் கடைசி அசையும் ஒரு கோட்டுக்கு இருபுறமும் நிற்கும். அதை எடுத்துவிட்டு, 'இது ஹங்குல் எழுத்துமுறையைச் சேர்ந்ததா' என்று யூனிகோடு பண்பைக் கேளுங்கள். இன்று பரவலாகப் பயன்படும் பல நிரல் மொழிகளில் அந்த வசதி இருக்கிறது. அப்படிக் கேட்டால் புள்ளி தானாக உள்ளே வரும். சில நிமிட வேலை. தமிழிலும் இதே நோய் உண்டு. 'பெயரில் எழுத்துகள் மட்டும்' என்று சோதித்துவிட்டு நம் உயிர்க்குறியையும் மெய்ப்புள்ளியையும் எழுத்தில்லை என்று தள்ளுகிற படிவங்களை நாம் எத்தனை முறை திட்டியிருக்கிறோம்.

அடுத்தது எண்ணிக்கை. பெயருக்குப் பத்து எழுத்து என்று வரம்பு வைத்தால், புள்ளி அசை ஒன்றை மூன்றாக எண்ணாதீர்கள். முதலெழுத்து, உயிர், ஈறு மூன்றும் ஒட்டி வந்தால் அது வாசகருக்கு ஒரே எழுத்து என்பது யூனிகோட்டின் பிரிப்பு விதிகளிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதியைப் பின்பற்றும் நிரலகங்களும் இருக்கின்றன. நாம் அவற்றை அழைக்காமல், கையில் கிடைத்த நீளக் கணக்கைப் போட்டுவிட்டுப் போகிறோம்.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது, இது நல்லெண்ணத்தில் செய்யப்படுவதால் அதிக ஆபத்தானது. மேக் கணினியிலிருந்து விண்டோஸுக்கு வரும் கொரியக் கோப்புப் பெயர்கள் உறுப்பு உறுப்பாகச் சிதறிக் கிடக்கும். கொரியாவில் அலுவலக வேலை செய்யும் எவரும் இதைப் பார்த்து அலுத்திருப்பார்கள். முறையான தீர்வு, உறுப்புகளை முழு அசையாகச் சேர்க்கும் இயல்பாக்கம். ஆனால் சிலர் அதற்குப் பின்னாலும் ஒரு துடைப்பத்தை வைத்துவிடுகிறார்கள்: சேர்த்த பிறகும் 4352 முதல் 4607 வரை ஏதாவது மீந்திருந்தால் குப்பை, அழித்துவிடு என்று. மீந்திருப்பது குப்பை இல்லை. சேர்ந்து கரைய முழு அசை இல்லாததால் மீந்திருக்கும் ஜெஜு மொழியும், 15ஆம் நூற்றாண்டுக் கொரிய மொழியும் அவை. தயவுசெய்து அவற்றைக் கூட்டித் தள்ளாதீர்கள்.

எழுத்துரு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் அதற்கு எழுத்துரு இல்லை என்ற பதில் இனி செல்லாது. 2014இல் அடோபியும் கூகுளும் சேர்ந்து இலவசமாக வெளியிட்ட சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துருக் குடும்பம் பழைய ஹங்குலையும் சேர்த்துக் காட்டும். ஆனால் கோப்பின் அளவைக் குறைக்கிறோம் என்று எழுத்துருவை நறுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த உறுப்புகளும் அவற்றைச் சேர்க்கும் விதிகளும்தான். ரசீது இயந்திரத்துக்குள் இருக்கும் எழுத்துருவில் இடம் நெருக்கடி என்றால் புரிந்துகொள்கிறேன். இணையப் பக்கத்துக்கும் கைபேசிச் செயலிக்கும் அந்தச் சாக்கு பொருந்தாது.

விசைப்பலகைக்கு வருகிறேன். இதை நினைத்தால்தான் மனம் மிகவும் கனக்கிறது. கொரியக் கைபேசிகளில் 'சொன்ஜிஇன்' என்றொரு விசைப்பலகை உண்டு. வானம், நிலம், மனிதன் என்பதே அதன் பெயர். உயிர்களுக்கு மூன்றே விசைகள்: புள்ளி, படுத்த கோடு, நின்ற கோடு. செஜோங் மன்னரின் கணக்கு அப்படியே கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. மனிதனைத் தட்டிப் புள்ளியைத் தட்டினால் 'ஆ'. அந்தப் பலகையில் தட்டுகிற கொரியர்கள் நாள் முழுக்கப் புள்ளியைத் தட்டுகிறார்கள். ஆனால் நான் பார்த்த கைபேசிகளில், முதலெழுத்துக்கும் ஈற்றுக்கும் நடுவில் புள்ளியை மட்டும் வைத்துவிட்டால் மூன்றும் தனித்தனியாக உதிர்ந்து நிற்கின்றன. புள்ளி விசை இருக்கிறது, புள்ளி எழுத்து இல்லை. விசைப்பலகைக் குழுக்களில் இருப்பவர்களே, முதலெழுத்து, புள்ளி, ஈறு என்ற வரிசை வந்தால் 4510ஐ நடுவில் வைத்துச் சேர்த்துக் கொடுங்கள். புது விசை எதுவும் வேண்டாம். முன்னிருப்பாக வைக்க முடியாவிட்டால் அமைப்புகளில் ஒரு தேர்வாகவாவது வையுங்கள்.

அந்த விசையால் இன்னொரு சிக்கலும் உண்டு. புள்ளி தனியாக நிற்கும்போது அதற்கு 12685 என்ற வேறோர் எண். கொரியச் செய்திகளில் பெயர்களையும் சொற்களையும் அடுக்கும்போது நடுப்புள்ளி வைப்பது வழக்கம். அந்த நடுப்புள்ளிக்கு உரிய எண் 183. ஆனால் பல இடங்களில் 12685ஐ, அதாவது ஓர் உயிரெழுத்தை, நிறுத்தக்குறியாக வைத்துவிடுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கிறது, கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வையும் 'ள'வையும் சேர்த்து அடிப்பவர்கள் நம்மிடையே இல்லையா? 'ஸ்ரீ' என்ற ஓர் எழுத்தே இரண்டு விதமான எண் வரிசைகளில் உலவி, தேடினால் பாதி மட்டும் கிடைப்பதை நாம் பார்க்கவில்லையா? கொரியாவில் இது பெரிய அளவில் நடக்கிறது. விளைவு, புள்ளியைத் தேடும் மொழி ஆய்வாளருக்கு வந்து கொட்டுவதெல்லாம் நிறுத்தக்குறிகள். தேடுபொறிகளில் ஒரே எழுத்தின் வெவ்வேறு எண்களை ஒன்றாக்கும் சில வகை இயல்பாக்கம் செய்தால் 12685 என்பது 4510 ஆக மாறிவிடும். செய்தித்தாளின் நிறுத்தக்குறி திடீரென்று அசைக்குள் ஒட்டும் உயிராகிவிடும். எழுதுபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இரு பக்கமும் முழுச் சொற்கள் நிற்கும்போது அது நிறுத்தக்குறி என்று ஊகித்து 183ஐ எடுத்துக் கொடுக்க விசைப்பலகையால் முடியும். தேடலும் அதே ஊகத்தைச் செய்யலாம்.

இவ்வளவும் சில ஆயிரம் முதியவர்களுக்காகவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக மட்டும் என்றாலும் நான் கேட்பேன். ஒரு பாட்டி தன் பேத்திக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் நிலா என்ற சொல்லைத் தன் நாக்கு சொல்லும்படி எழுதுவதற்குப் பயனர் எண்ணிக்கையைக் காட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் கேட்பவர்களுக்குக் கணக்கும் இருக்கிறது. புதிய எழுத்தை ஏன் உருவாக்கினேன் என்று செஜோங் மன்னர் விளக்கிய முன்னுரையின் கொரிய வடிவம் 1459இல் அச்சில் இருக்கிறது. இந்த நாட்டின் மொழி சீன மொழியிலிருந்து வேறுபட்டது என்று தொடங்கும் அந்த வரியைக் கொரியப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அதில் 'மொழி' என்ற சொல்லில் புள்ளி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 9, ஹங்குல் நாள், அரசு விடுமுறை. அன்று அந்த வரியைக் கைபேசியில் மேற்கோள் காட்ட விரும்பும் ஒருவர், தம் எழுத்துமுறையின் பிறப்புச் சான்றிதழில் முதல் வரியையே திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. கொரியாவின் பெயர்பெற்ற சொற்செயலி 1989இல் வெளிவந்தபோது புள்ளி வைத்துத்தான் 'ஹங்குல்' என்று தன் பெயரை எழுதிக்கொண்டது. அந்தப் பெயரை அடிக்க வராததால் மக்கள் 'அரெ ஆ ஹங்குல்' என்று சுற்றி வளைத்து எழுதுகிறார்கள்.

பழைய நூல்களைக் கணினியேற்றியவர்கள் பட்ட பாட்டையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சேர்க்கும் முறை சரியாக வேலை செய்யாத காலத்தில், யூனிகோட்டின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் பழைய அசைகளுக்குத் தாங்களாகவே எண் கொடுத்துக்கொண்டார்கள். அரசு செலவில் 1998இல் தொடங்கிய செஜோங் திட்டத்தின் வரலாற்றுத் தொகுப்புகளும் அப்படித்தான் உருவாயின. குறிப்பிட்ட எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெற்றுக் கட்டங்கள். யூனிகோடுக்கு முந்தைய நம் பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டங்களின் முகம் தெரியும். கொரியக் கோப்புகளை மாற்றும் கருவிகள் இருக்கின்றன. நீங்கள் கையாளும் தரவில் அத்தகைய எண்கள் தென்பட்டால் தெரியாத எழுத்து என்று அழித்துவிடாமல் மாற்றிக் கொடுங்கள். 500 ஆண்டுப் பழைய கடிதம் ஒன்று அதற்குள் இருக்கலாம்.

இன்றோ நாளையோ உங்கள் சோதனைத் தரவில் ஒரு வரி சேருங்கள். 4358, 4510, 4535. சதுரம், புள்ளி, சதுரம். அதை உங்கள் பெயர்ப் பெட்டியில் இடுங்கள். ஏற்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்தாக எண்ணுகிறதா என்று பாருங்கள். சேமித்துவிட்டுத் திரும்ப எடுங்கள், தேடுங்கள், அச்சிடுங்கள். மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒரே கட்டத்துக்குள் நின்றால் உங்கள் வேலை முடிந்தது. நிற்கவில்லை என்றால் அந்தப் புகாரைத் திறந்தே வைத்திருங்கள், நான் மூடியதைப் போல மூடிவிடாதீர்கள். அந்த மூன்று எண்களும் சேர்ந்தால் வருவது ஜெஜு மொழியின் 'மொம்', கடற்பாசி. அந்த அம்மாவின் ரசீதில் வர வேண்டிய எழுத்து.

அன்புடன்,
கொரியப் படிவம் ஒன்றை ஒருமுறை தவறாக எழுதிய ஒரு நிரலாளர்
சென்னை